சளி போன பிறகும் ஒழுகும் மூக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை தொடங்கி மாசிப் பனி விலகும் வரை, சிறு பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ஒரே பேச்சுதான்: "காய்ச்சல் விட்டுடுச்சு, சளி மட்டும் விடமாட்டேங்குது." மூன்று வாரமாக மூக்கு ஒழுகும். இரவில் பிள்ளை வாயைத் திறந்தபடி தூங்கும். காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மும். மெடிக்கலில் கேட்டு வாங்கிய சிரப் ஒரு பாட்டில் தீர்ந்து இரண்டாவது ஓடிக்கொண்டிருக்கும்; நடுவில் ஆன்டிபயாடிக்கும் ஒரு சுற்றுப் போயிருக்கும். இப்படி வருகிற பிள்ளைகளில் பலருக்கு இருப்பது மிச்சச் சளி அல்ல, சளி கிளப்பிவிட்டுப் போன மூக்கு அலர்ஜி. அதற்கு வைத்தியம் வேறு. காது மூக்கு தொண்டை மருத்துவத்தில் இருப்பவர் என்ற முறையில், சேலத்துப் பெற்றோரும் மருந்துக் கடைக்காரர்களும் பள்ளிகளும் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடம் கொடுத்து வெளியிட வேண்டுகிறேன்.

வைரஸ் சளிக்கு ஒரு கணக்கு உண்டு. முதல் இரண்டு மூன்று நாள் மூக்கு தண்ணீராக ஒழுகும், காய்ச்சலும் இருக்கலாம். பிறகு சளி கெட்டியாகி மஞ்சளாகவோ பச்சையாகவோ வரும். 7 முதல் 10 நாளில் அடங்கிவிடும். இருமல் மட்டும் 2, 3 வாரம் வரை இழுக்கலாம். பச்சை நிறம் வந்ததாலேயே ஆன்டிபயாடிக் வேண்டும் என்று அர்த்தம் இல்லை. கிருமியோடு போராடிய வெள்ளணுக்கள் சளியில் கலப்பதால் வரும் நிறம் அது. பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ போகத் தொடங்கிய பிள்ளைக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 தடவை சளி பிடிப்பதும் இயல்புதான்.

இந்தச் சளி அடங்கிய பிறகு மூக்குக்குள் நடப்பதுதான் முக்கியம். மூக்கின் உட்சவ்வில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருக்கின்றன. தூசியையும் சளியையும் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. வைரஸ் அந்த மேல்படலத்தையே சேதப்படுத்திவிடுகிறது. அது மறுபடி வளர்ந்து ஒழுங்காக வேலை செய்யச் சில வாரம் ஆகும். அதுவரை, சிராய்த்த முழங்காலில் மண் பட்டது போல, வழக்கமான வீட்டுத் தூசி கூட அந்த மூக்கைச் சீண்டும். பரம்பரையாக அலர்ஜி உடம்பு வாய்த்த பிள்ளைக்கு, அதாவது அப்பா அம்மாவுக்கு வீசிங்கோ தோல் கரப்பானோ மூக்கு அலர்ஜியோ இருக்கிற பிள்ளைக்கு, இந்தச் சீண்டல் முழு அலர்ஜியாகவே வெளிப்படும்.

இரண்டையும் பிரித்துக் காட்டும் முதல் அடையாளம் அரிப்பு. சளி பிடித்த பிள்ளை மூக்கை உறிஞ்சும். அலர்ஜி உள்ள பிள்ளை மூக்கைத் தேய்க்கும். உள்ளங்கையால் மூக்கு நுனியைக் கீழிருந்து மேலாக நாள் முழுக்கத் தள்ளித் தள்ளி, மூக்கின் கீழ்ப்பகுதியில் குறுக்காக மெல்லிய கோடு ஒன்று விழுந்துவிடும். வெளிச்சத்தில் பிள்ளையை உட்காரவைத்துப் பார்த்தால் அந்தக் கோடு தெரியும். கண்ணுக்குக் கீழே தூக்கம் கெட்டது போன்ற கருமை, கண் அரிப்பு, மேலண்ணத்தை நாக்கால் சொறிவது, தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பது, காய்ச்சல் இல்லாதது, ஒழுகுவது தெளிந்த தண்ணீராக இருப்பது, காலையிலும் படுக்கையிலும் அதிகமாவது ஆகியவை அலர்ஜியின் பக்கம் கைகாட்டுகின்றன. வாரத்தில் 4 நாளுக்கு மேலாக, தொடர்ந்து 4 வாரத்துக்கு மேலாக இருந்தால் அது நீடித்த அலர்ஜி. 2 வயதுக்குக் கீழே மூக்கு அலர்ஜி அபூர்வம். கைக்குழந்தைக்கு மூக்கு ஒழுகினால் அலர்ஜி என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம்.

எல்லாமே அலர்ஜி என்றும் ஒதுக்கிவிட முடியாது. 10 நாள் தாண்டியும் சளியும் பகல் இருமலும் கொஞ்சமும் குறையாமல் இருந்தாலோ, நன்றாகக் குறைந்த பிறகு திரும்பக் காய்ச்சல் ஏறினாலோ, 102 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சலும் சீழ் போன்ற சளியும் சேர்ந்து 3 நாள் நீடித்தாலோ சைனஸில் பாக்டீரியா தொற்று இருக்கக்கூடும். ஆன்டிபயாடிக்குக்கு இடம் அங்கேதான். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு ஒழுகினால் உள்ளே ஏதோ மாட்டியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்: பட்டாணி, புளியங்கொட்டை, பாசிமணி, ஸ்பாஞ்சுத் துண்டு. பொம்மையில் இருந்து கழன்ற பட்டன் பேட்டரி என்றால் சில மணி நேரத்திலேயே உட்சவ்வை அரித்துவிடும். இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தினமும் குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது இருந்தால் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு என்ற சதை வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்போது சிரப். "சளிக்கு ஒண்ணு குடுங்க" என்றால் கடையில் கிடைப்பது பெரும்பாலும் குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் இரண்டும் சேர்ந்த மருந்து. முன்னது தூக்கத்தைத் தரும், சளியை உலர்த்தி உள்ளேயே ஒட்டவைக்கும். பின்னது வாய்வழி கொடுக்கும்போது மூக்கடைப்புக்குப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. இந்தச் சேர்மானத்தை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிட வேண்டும் என மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதையொட்டி மத்திய சுகாதாரத் துறை வெளியிட்ட அறிவுரையில், 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகள் தரக் கூடாது, 5 வயதுக்குக் கீழேயும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று தெளிவாக இருக்கிறது. இதற்குப் பிறகும் 1 வயதுக் குழந்தைக்குச் சீட்டு இல்லாமல் சளி சிரப் கைமாறுகிறது என்பது எனக்கு ஆற்றமாட்டாத வருத்தம்.

மூக்கடைப்புக்கு விடும் சொட்டு மருந்தும் அப்படித்தான். சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் என்று பெயர் போட்டிருக்கும். விட்ட ஐந்து நிமிடத்தில் மூக்கு திறந்துவிடும், அதுவே அதன் ஆபத்து. 3 முதல் 5 நாளுக்கு மேல் விட்டால் மருந்தின் வேகம் இறங்கும் ஒவ்வொரு முறையும் மூக்கு முன்பைவிட அதிகமாக அடைக்கும். பிறகு அந்தச் சொட்டு இல்லாமல் பிள்ளை தூங்காது. பெரியவர்களுக்கான சொட்டைக் குழந்தைக்கு விடவே கூடாது. தூக்கமயக்கமும் இதயத் துடிப்புக் குறைவும் வரும்.

அலர்ஜி மூக்குக்கு முதல் வைத்தியம் உப்புத் தண்ணீர். கடையில் சலைன் சொட்டாகவும் ஸ்ப்ரேயாகவும் கிடைக்கிறது, வீட்டிலும் தயாரிக்கலாம். அளவு இதுதான்: 1 லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு. 250 மில்லிக்கு 2.25 கிராம், அதாவது தலைதட்டிய அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. கைப்பிடி, சிட்டிகை என்று கண்ணளவில் போட்டால் எரியும், அல்லது பயன்படாது. மளிகைக் கடை மின்தராசில் ஒருமுறை 9 கிராம் பொடி உப்பை நிறுத்து வாங்கி, அது உங்கள் வீட்டு ஸ்பூனில் எவ்வளவு வருகிறது என்று பார்த்துவைத்துக்கொண்டால் பிறகு தடுமாற்றம் இல்லை. கல்லுப்பில் மண் இருக்கும், வேண்டாம். அயோடின் சேர்த்த உப்பு சில பிள்ளைகளுக்கு லேசாக எரிச்சல் தரும், ஆபத்தில்லை. 250 மில்லிக்கு ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் எரிச்சல் குறையும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் எந்த விட்டுக்கொடுத்தலும் கூடாது. மேட்டூர்த் தண்ணீரானாலும் போர்த் தண்ணீரானாலும் கேன் தண்ணீரானாலும், தளதளவென்று கொதித்த பிறகு 3 நிமிடம் விட்டு, மூடிவைத்து வெதுவெதுப்பாக ஆறவிட்டே பயன்படுத்த வேண்டும். மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் அமீபா, காய்ச்சாத நீரில் இருக்கக்கூடும். கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் பலருக்கு வந்தது செய்தித்தாள்களில் படித்ததுதான். குடித்தால் ஒன்றும் செய்யாத அதே தண்ணீர் மூக்கில் ஏறினால் உயிரை எடுக்கலாம். மலை மேல் இருப்பதால் ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும், ஆனாலும் 3 நிமிடக் கொதிப்பு அங்கேயும் போதும். கலந்து வைத்த உப்புத் தண்ணீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு துளையிலும் 2 சொட்டு போதும். ஒரு நிமிடம் கழித்து வெளியே வருவதைத் துணியால் துடைக்கலாம். 1 முதல் 4 வயதுப் பிள்ளைக்கு அரை முதல் 1 மில்லி வரை. 5 வயதுக்கு மேல், சொன்னால் கேட்கிற பிள்ளை என்றால் முறையாகக் கழுவலாம். ஊசி கழற்றிய 10 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை வாஷ்பேசின் மேல் குனிந்து, வாயைத் திறந்து, "ஆ..." என்று விடாமல் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போது அண்ணம் மேலேறி, தண்ணீர் தொண்டைக்குள் இறங்காமல் தடுக்கும். சிரிஞ்சின் முனையைத் துளையில் லேசாக வைத்து, பின்தலைப் பக்கம் நோக்கி, மெதுவாக 5 முதல் 10 மில்லி. வேகமாக அழுத்தினால் காதுக்கு ஏறும், பிள்ளை காது வலி என்று அழும், மறுநாள் கிட்டே வராது. குளிர்ந்த தண்ணீரானாலும் இதே கதிதான். மூக்கு முழுக்க அடைத்திருக்கும் பக்கத்தில் வலுக்கட்டாயமாக ஏற்றாதீர்கள். பிறகு ஒரு துளையை மூடி மறு துளையால் மெதுவாகச் சிந்தச் சொல்லுங்கள். இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிந்தினால் சளி நடுக்காதுக்குள் போகும். கழுவிய தண்ணீர் அரைமணி நேரம் கழித்தும் சொட்டும் என்பதால் படுக்கப் போகும் நேரத்தில் கழுவ வேண்டாம், மாலை விளையாடி வந்த பிறகு கழுவுவது நல்லது. சிரிஞ்சைக் கொதித்த தண்ணீரில் அலசிக் காயவைத்து, வாரம் ஒன்று மாற்றுங்கள்.

இதற்கே பாதிப் பிள்ளைகளுக்கு நிம்மதி வந்துவிடும். வராதவர்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுப்பது ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே: மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன். இந்தச் சொல்லைக் கேட்டதும் பெற்றோர் முகம் மாறுகிறது. ஒரு பீச்சில் இருப்பது 27.5 அல்லது 50 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். அதிலும் இந்த இரண்டு மருந்திலும் ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். பயப்பட வேண்டியது இதற்கல்ல. "உடனே கேட்கும்" என்று சீட்டு இல்லாமல் வாங்கி, சளி பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் வாயில் விடுகிற ஸ்டீராய்டு சொட்டுக்குத்தான். அது உடம்பு முழுக்கப் போகிறது.

ஸ்ப்ரே பலிக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் மருந்தல்ல, அடிக்கிற விதம். மருந்தைப் பொறுத்து 2 வயதிலிருந்தோ 4 வயதிலிருந்தோ கொடுக்கலாம். 11 வயது வரை வழக்கமான அளவு, ஒவ்வொரு துளையிலும் தினம் ஒருமுறை ஒரு பீச்சு. முதலில் பாட்டிலைக் குலுக்க வேண்டும். புதுப் பாட்டில் என்றால் மெல்லிய தூறலாக வரும் வரை காற்றில் அழுத்திவிட வேண்டும், 6 முதல் 10 தடவை ஆகலாம். மூக்கைக் கழுவிப் பத்து பதினைந்து நிமிடம் ஆன பிறகே அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரோடு மருந்தும் வெளியே வந்துவிடும். பிள்ளையின் தலை நிமிரக் கூடாது, சற்றுக் குனிந்திருக்கட்டும். முனையை அரை சென்டிமீட்டர் மட்டும் உள்ளே விட்டு, அதே பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கித் திருப்ப வேண்டும். பெரிய பிள்ளை தானே அடித்துக்கொள்வதானால் வலது துளைக்கு இடது கை, இடது துளைக்கு வலது கை. திசை தானாகவே சரியாகிவிடும். அழுத்தும்போது பூ முகர்கிற அளவுக்கு மூச்சை இழுத்தால் போதும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்க் கசக்கும், அது வீண்.

இரண்டு துளைக்கும் நடுவே உள்ள தண்டைப் பார்த்து அடித்தால் என்ன ஆகும்? ரத்தக் குழாய்கள் நெருங்கியிருக்கும் இடம் அது. பத்து நாளில் சளியோடு ரத்தக் கோடு வரும், வீட்டில் பயந்து நிறுத்திவிடுவார்கள். ரத்தம் வந்தால் பிள்ளையை முன்னால் குனியவைத்து மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடியுங்கள், நின்றுவிடும். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு, திசையைச் சரிசெய்து மறுபடி தொடங்கலாம். இரண்டாவது கோளாறு அவசரம். சொட்டு மருந்து போல ஐந்து நிமிடத்தில் இது வேலை செய்யாது. ஓரிரு நாளில் தொடங்கி முழுப் பலன் தெரிய 1 முதல் 2 வாரம் ஆகும். மூன்று நாள் அடித்துப் பார்த்து "கேட்கலை" என்று ஓரம் வைத்துவிடுகிற பாட்டில்கள் எத்தனையோ. 120 பீச்சு உள்ள பாட்டில் தினம் இரண்டு வீதம் 60 நாள் வர வேண்டும். இரண்டு மாதம் கழித்தும் பாதி பாக்கி இருந்தால் பிள்ளைக்கு மருந்து ஒழுங்காகப் போகவில்லை. எத்தனை நாள் தொடர்வது என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். மாதக்கணக்கில் போகுமானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையின் உயரத்தை அளந்து குறித்துவைப்பது நல்லது.

தும்மலும் அரிப்பும் அதிகம் என்றால் செடிரிசின் உதவும், மூக்கடைப்புக்கு அவ்வளவாக உதவாது. வழக்கமான அளவு 2 முதல் 5 வயது வரை 2.5 மில்லிகிராம், 6 வயதிலிருந்து 5 மில்லிகிராம். 5 மில்லிக்கு 5 மில்லிகிராம் என்று போட்டிருக்கும் சிரப்பில் 2.5 மில்லி எடுத்தால் 2.5 மில்லிகிராம். லெவோசெடிரிசின் வேறு மருந்து, அதன் அளவும் வேறு. பாட்டில் மாறும்போது அளவை மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள், மூடியோடு வரும் அளவுக் குப்பியில் மட்டும் ஊற்றுங்கள், சமையலறை ஸ்பூன் வேண்டாம். மாண்டிலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரை நம் ஊரில் மிகச் சாதாரணமாக எழுதப்படுகிறது. கெட்ட கனவு, எரிச்சல், மனநிலை மாற்றம் ஆகியவற்றுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020 மார்ச்சில் அதற்குக் கடுமையான எச்சரிக்கை சேர்த்தது. மூக்கு அலர்ஜிக்கு மட்டும் என்றால் மற்றவை பலிக்காதபோதே அது வேண்டும். அந்த மாத்திரை எடுக்கும் பிள்ளை ராத்திரி அலறி எழுந்தாலோ குணம் மாறினாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருந்து பாதி, வீடு பாதி. வீட்டுத் தூசிப் பூச்சி என்பது கண்ணுக்குத் தெரியாத, கடிக்காத ஒரு பூச்சி. நம் தோலில் இருந்து உதிரும் செதில்தான் அதற்குத் தீனி. மெத்தை, தலையணை, கம்பளி, பொம்மை எல்லாம் அதன் வீடு. அலர்ஜி தருவது அதன் கழிவு. ஆண்டுக்கணக்கான இலவம்பஞ்சுத் தலையணையில் பிள்ளை முகம் புதைத்துத் தூங்குகிறது. காலைத் தும்மலுக்கு அதைவிடக் காரணம் வேண்டாம். தலையணையை மாற்றி, நெருக்கமாக நெய்த உறை போடுங்கள். விரிப்பையும் உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்துத் துவையுங்கள். சேலத்து வெயில் ஒரு வரம்: மெத்தையை மொட்டை மாடியில் இருபுறமும் திருப்பி நாலு மணி நேரம் போட்டு, பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது தட்டி எடுக்க வேண்டும். பஞ்சுப் பொம்மையைப் பையில் கட்டி ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்துப் பிறகு துவைக்கலாம். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பி மணிக்கணக்கில் மிதக்கும், ஈரத் துணியால் துடைப்பதே மேல்.

அம்மாப்பேட்டை, குகை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை பக்கம் வீட்டோடு விசைத்தறி இருக்கிறது. தறி ஓடுகிற கூடத்திலேயே உத்திரத்தில் சேலைத் தொட்டில் கட்டியிருப்பார்கள். தொட்டில் கயிற்றில் விரலை ஓட்டினால் பஞ்சுத் தூள் திரிதிரியாக ஒட்டிக்கொண்டு வரும். பிள்ளை ராத்திரி முழுக்க மூச்சில் இழுப்பது அதைத்தான். தொட்டிலை வேறு அறைக்கு மாற்றுங்கள். இடமில்லை என்றால் தரை வரை தொங்கும் கனமான திரை ஒன்று போட்டு, அதை வாரம் ஒருமுறை துவையுங்கள். தறியைக் காற்றடித்துச் சுத்தம் செய்வதைப் பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தறியில் இருந்து எழுந்து வந்ததும் மேல்துணி மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கத்து வெள்ளிப் பட்டறைகளில் பற்றவைக்கும் புகையும் திராவக நெடியும் அலர்ஜிப் பொருள் அல்ல, ஆனால் புண்பட்ட மூக்கை இன்னும் எரிக்கும். பட்டறையும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கக் கூடாது.

ஏற்காட்டில் நிலைமை நேர்மாறு. அங்கே தூசியைவிட ஈரம்தான் எதிரி. பனிக்காலத்தில் ஆறேழு நாள் வெயிலே தெரியாது, துணி வீட்டுக்குள்ளேயே காயும், சுவர் மூலையில் கரும்பூஞ்சை படரும். தூசிப் பூச்சியும் பூஞ்சையும் அந்த ஈரத்தில்தான் பெருகுகின்றன. துணி காயும் அறையில் பிள்ளையைப் படுக்கவைக்காதீர்கள். கட்டிலைச் சுவரில் இருந்து ஓரடி தள்ளிப் போடுங்கள். கூரை ஒழுக்கை அடைக்காமல் பூஞ்சையைத் துடைத்துப் பயன் இல்லை. பெட்டியில் ஆண்டு முழுக்க அந்துருண்டையோடு மடித்துவைத்த கம்பளியை அப்படியே எடுத்துப் போர்த்துவது இரட்டைக் கெடுதல். அந்துருண்டை நெடி குழந்தைகளுக்கு ஆகாது. சில குழந்தைகளுக்கு ரத்த அணுக்களையே சிதைக்கும். துவைத்து, வெயில் கண்ட நாளில் உலர்த்தி, பருத்தி உறை போட்டுப் போர்த்துங்கள். காப்பிக் கொட்டைச் சாக்கு அடுக்கிய அறையிலும் பிள்ளை தூங்க வேண்டாம். பச்சைக் காப்பிக்கொட்டைத் தூசி அலர்ஜி தருவது, அந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் நன்றாகவே அறியப்பட்ட ஒன்று.

மூக்கடைத்த பிள்ளையோடு மலை இறங்கும்போது இன்னொன்று கவனிக்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவில் ஏறத்தாழ 1,200 மீட்டர் கீழே வருகிறோம். மூக்கின் பின்னால் இருந்து காதுக்குப் போகும் குழாய் வீங்கியிருந்தால் காற்றழுத்தம் சமமாகாமல் காது பிடுங்கும். ஏறும்போதைவிட இறங்கும்போது வலி அதிகம். கிளம்ப அரைமணி நேரம் முன்பு உப்புத் தண்ணீர் விடுங்கள். வழியில் பிள்ளையைத் தூங்கவிடாமல் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவையுங்கள், கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள்.

வீட்டுப் பழக்கங்களில் சிலவற்றை அன்போடு கைவிடச் சொல்ல வேண்டியிருக்கிறது. தலைக்கு ஊற்றிய குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவது அதில் முதலாவது. புகை எதுவானாலும் புகைதான். ஊதுபத்தியும் கொசுவர்த்திச் சுருளும் அதே கணக்கு, கொசுவுக்கு வலையே நல்லது. மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்கு இறங்கி ஒருவகை நிமோனியா தரும். பச்சிலைச் சாறு பிழிவதும் வாயால் ஊதிவிடுவதும் வேண்டாம். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வை போட்டு ஆவி பிடிக்கவைப்பதில் பிள்ளைகள் வெந்துபோகிறார்கள். கற்பூரம் கலந்த தைலத்தை 2 வயதுக்குக் கீழே தொடவே கூடாது. கற்பூரம் வாய்க்குள் போனால் வலிப்பு வரும். தயிர், வாழைப்பழம், ஆரஞ்சு, பால் ஆகியவற்றை நிறுத்தி மூக்கு அலர்ஜி குறைவதில்லை, பிள்ளையின் எடைதான் குறையும். 1 வயதுக்கு மேல் இருமலுக்கு அரை டீஸ்பூன் தேன் தரலாம், அதற்குக் கீழே தேன் கூடாது.

பரிசோதனைக்கு அவசரம் இல்லை. அலர்ஜியில் கூடும் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் புரதத்தின் மொத்த அளவு, குடற்புழு இருந்தாலும் ரத்தத்தில் ஏறும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மருந்துக்கும் அடங்காத பிள்ளைக்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை பயன்படும். அதற்கு 5 முதல் 7 நாள் முன்பே செடிரிசின் போன்றவற்றை நிறுத்த வேண்டும். நூறு உணவுகளுக்கு ஒரே ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கிறோம் என்கிற பட்டியலுக்குப் பணம் கட்டாதீர்கள். அந்த அளவு அலர்ஜியைக் காட்டாது.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. கண் இமை சிவந்து வீங்குவது, வாந்தியோடு கடும் தலைவலி, விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளிழுப்பது, மூச்சு வேகம். அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்த்து, 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, 1 வயது வரை 50, 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். அவ்வளவு அவசரம் இல்லாத ஆனால் தள்ளிப்போடக் கூடாதவையும் உண்டு: டிவி சத்தத்தைப் பிள்ளை கூட்டிக்கொண்டே போவது, வகுப்பில் கூப்பிட்டால் திரும்பாதது, ஓடினால் இருமுவது. முதல் இரண்டும் காதுக்குள் நீர் கட்டியதைக் காட்டலாம், மூன்றாவது ஆஸ்துமாவை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு, காது மூக்கு தொண்டைப் பிரிவு இரண்டும் இருக்கின்றன. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 104-ல் கேட்கலாம்.

இனி மூன்று வேண்டுகோள். மாநகராட்சியும் ஊராட்சிகளும் பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரத்துப் பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்க வேண்டும், கையுறை போட்டு. பூத்த பிறகு வெட்டினால் மகரந்தம்தான் பறக்கும். ஏற்காட்டு உறைவிடப் பள்ளிகள், ஸ்ப்ரே எழுதப்பட்ட பிள்ளைகளின் பெயரைப் பட்டியலாக வைத்துக் காலையில் பல் துலக்கும் நேரத்தில் விடுதிப் பொறுப்பாளர் முன்னிலையில் அடிக்கவைக்க வேண்டும், மெத்தைகளுக்கு உறை போட வேண்டும். மருந்துக் கடைக்காரர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: 5 வயதுக்குக் கீழ் என்று தெரிந்தால் சளி சிரப்பை எடுக்கும் கையைக் கொஞ்சம் நிறுத்தி சலைன் சொட்டைக் கொடுங்கள். மூக்கு ஸ்ப்ரே விற்கும்போது மூடியைத் திறந்து, முனை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒருமுறை காட்டி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
காது மூக்கு தொண்டை மருத்துவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.